ஹார்லெமில் ஒரு தரகர்: பிலிப் பேட்டனும் வீடு என்னும் கேள்வியும்



நினைவுச் சொற்பொழிவு என்றால் தலைவர்களைப் பற்றியும் போராட்டங்களைப் பற்றியும் பேசுவது நம் வழக்கம். இந்த ஆண்டு ஒரு வீட்டுத் தரகரைப் பற்றிப் பேச எடுத்துக்கொண்டோம். அவர் பெயர் பிலிப் பேட்டன். நியூயார்க் நகரத்தின் ஹார்லெம் பகுதி கறுப்பின மக்களின் குடியிருப்பாக மாறிய கதையில் முதலில் வரும் பெயர் அவருடையது. 'ஹார்லெமின் தந்தை' என்றே அவரைச் சொல்வார்கள். அவர் தொடங்கிய கம்பெனி நான்கு ஆண்டுகளில் முடங்கிப்போனது. பணம் போட்ட கறுப்பினப் பங்குதாரர்களே அவர்மீது வழக்குப் போட்டார்கள். 41 வயதில் இறந்துபோனார். புனிதர் என்று வணங்கவும் முடியாத, மோசடிக்காரர் என்று தள்ளவும் முடியாத ஒரு மனிதர்.

அவரை ஏன் இங்கே பேச வேண்டும்? சாதி முதலில் நிலத்தின்மீது எழுதப்பட்டது. ஊர், சேரி என்ற இரண்டு சொற்களே அதற்குச் சாட்சி. நகரத்துக்குப் போனால் அந்தக் கோடு அழியும் என்று நம் முன்னோர் நம்பினார்கள். நகரத்திலோ அந்தக் கோடு புரோக்கரின் வாயிலிருந்து வருகிறது. 'நீங்க என்ன ஆளுங்க?', 'அசைவம் சமைப்பீங்களா?', 'ஹவுஸ் ஓனரைக் கேட்டுச் சொல்றேன்.' கேட்டுச் சொல்கிறேன் என்றவர் திரும்பிக் கூப்பிடுவதே இல்லை. இதற்கு மருந்தாக இப்போது நம் பிள்ளைகளிடம் ஒன்று சொல்லப்படுகிறது: சம்பாதி, தொழில் தொடங்கு, நீயே முதலாளியாகு, பணத்துக்கு முன்னால் சாதி தானாக வழிவிடும். இந்த மருந்தை 120 ஆண்டுகளுக்கு முன்பே ஒடுக்கப்பட்ட மக்களிலிருந்து வந்த ஒருவர் ஒரு பெருநகரத்தில் சோதித்துப் பார்த்தார். அது எங்கே வேலை செய்தது, எங்கே நின்றுபோனது என்பதற்கான கணக்கு பேட்டனின் வாழ்க்கையில் இருக்கிறது.

காலி வீடுகளும் வீடில்லாத மக்களும்

1900ஆம் ஆண்டில் நியூயார்க் நகரத்தில் சுமார் 60,000 கறுப்பின மக்கள் வாழ்ந்தார்கள். மன்ஹாட்டன் தீவின் மேற்குப் பகுதியில் டெண்டர்லாயின், சான் வான் ஹில் என்ற நெருக்கடியான வட்டாரங்களே அவர்களில் பெரும்பாலோருக்குக் கிடைத்த இடம். இடிந்த வீடு, இருட்டறை, ஆனால் வாடகை மட்டும் வெள்ளையர் தருவதைவிட அதிகம். வேறெங்கும் போக முடியாதவரிடம் எவ்வளவு வேண்டுமானாலும் கேட்கலாம் என்பது வீட்டுக்காரர்களுக்குத் தெரியும். 1900 ஆகஸ்ட்டில் டெண்டர்லாயினில் பெரிய கலவரம் நடந்தது. கறுப்பினத்தவர் ஒருவருக்கும் சாதாரண உடையில் இருந்த போலீஸ்காரர் ஒருவருக்கும் நடந்த மோதலில் போலீஸ்காரர் இறந்தார். அதையடுத்து வெள்ளைக் கும்பல்கள் கண்ணில் பட்ட கறுப்பின மக்களையெல்லாம் அடித்தன. காக்க வேண்டிய போலீசாரும் சேர்ந்துகொண்டார்கள். சில ஆண்டுகளில் பென்சில்வேனியா ரயில் நிலையம் கட்டுவதற்காக அதே வட்டாரத்தில் தெருத்தெருவாக வீடுகள் இடிக்கப்பட்டன. வளர்ச்சித் திட்டம் எப்போதும் யார் வீட்டின் மேல் வந்து விழுகிறது என்பது நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அதே நேரத்தில் வடக்கே ஹார்லெமில் வேறொரு காட்சி. அது வசதியான வெள்ளையருக்காகக் கட்டப்பட்ட பகுதி. லெனாக்ஸ் அவென்யூ வழியாகச் சுரங்க ரயில் வரப்போகிறது என்ற செய்தியை நம்பி மனை வாங்கினார்கள், விற்றார்கள், மாடி மாடியாகக் கட்டினார்கள். நம் ஊரில் மெட்ரோ வருகிறது என்றதும் மனை விலை ஏறுவதைப் போலத்தான். 1904இல் ரயில் வந்தது. குடிவர ஆள் வரவில்லை. தேவைக்கு மேல் கட்டிக் குவித்ததால் 1904-05இல் சந்தை சரிந்தது. கடன் வாங்கிக் கட்டியவர்கள் காலி வீடுகளை வைத்துக்கொண்டு தவித்தார்கள்.

ஒருபக்கம் வாடகை தரத் தயாராக இருந்தும் வீடு கிடைக்காத மக்கள். மறுபக்கம் ஆளில்லாத வீடுகள். இரண்டுக்கும் நடுவே நின்றது நிறவெறி. பேட்டன் கடை போட்டது அந்த இடைவெளியில்தான்.

துடைப்பம் பிடித்த கையில் சாவிக்கொத்து

பேட்டன் 1876இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் வெஸ்ட்ஃபீல்டு என்ற சிற்றூரில் பிறந்தார். அப்பா முடிதிருத்துபவர். வட கரோலினாவில் கறுப்பின மக்களுக்கான லிவிங்ஸ்டன் கல்லூரியில் படித்தார். 1899இல் நியூயார்க்குக்கு வந்தார். படித்த படிப்புக்கு வேலை கிடைக்கவில்லை. சில்லறை வேலைகள் செய்தார், அப்பாவின் தொழிலான முடிதிருத்தும் வேலையும் செய்தார். பிறகு ஒரு ரியல் எஸ்டேட் அலுவலகத்தில் கூட்டிப் பெருக்கும் ஆளாகச் சேர்ந்தார். அங்கே தரையைத் துடைத்தபடியே தொழிலையும் பார்த்தார்.

1900இல் ஒரு பங்காளியுடன் சேர்ந்து சொந்தமாகத் தரகு அலுவலகம் திறந்தார். வருமானம் இல்லை. பங்காளி விலகிக்கொண்டார். மனைவி மேகி தையல் வேலை செய்து குடும்பத்தை ஓட்டினார். வாடகை கட்ட முடியாமல் அவர்களே வீட்டைக் காலி செய்ய நேர்ந்தது. வீடு பிடித்துத் தரும் தரகருக்கு வீடில்லை. தொழிலதிபர்களின் வரலாற்றில் 'விடாமுயற்சி' என்று ஒற்றைச் சொல்லில் எழுதப்படுவதன் அடியில் ஒரு பெண்ணின் தையல் கூலி இருந்தது என்பதையும் நாம் சேர்த்தே பதிவு செய்ய வேண்டும்.

முதல் வாய்ப்பு வந்த விதத்தைப் பேட்டனே சொல்லியிருக்கிறார். 134ஆவது தெருவில் அடுத்தடுத்த வீடுகளின் உரிமையாளர்களான இரண்டு வெள்ளையருக்குள் தகராறு. ஒருவர் மற்றவரைப் பழிவாங்க நினைத்தார். தன் கட்டடத்தைப் பேட்டனிடம் ஒப்படைத்து, கறுப்பினக் குடித்தனக்காரர்களால் நிரப்பச் சொன்னார். அதாவது, இந்த மக்கள் பக்கத்தில் குடிவருவதே எதிரிக்குத் தரும் தண்டனை. நம் கிராமங்களில் பங்காளிச் சண்டையில், 'என் நிலத்தைச் சேரிக்காரனுக்கு எழுதி வெச்சிடுவேன்' என்று மிரட்டும் குரல் இதுதான். அந்த அவமானத்தைப் பேட்டன் கமிஷனாக மாற்றினார். வீடுகள் நிரம்பின, வாடகை ஒழுங்காக வந்தது. மற்ற வீட்டுக்காரர்களும் தேடி வந்தார்கள்.

நிறவெறியை விலை பேசிய கம்பெனி

1904இல் பேட்டனும் கூட்டாளிகளும் ஆஃப்ரோ-அமெரிக்கன் ரியால்டி கம்பெனியைப் பதிவு செய்தார்கள். அனுமதிக்கப்பட்ட மூலதனம் 5 லட்சம் டாலர். பங்கு ஒன்றின் விலை 10 டாலர். சமையல்காரரும் சலவைத் தொழிலாளியும் ரயில் சிப்பந்தியும் வாங்கக்கூடிய விலை வேண்டும் என்பது கணக்கு. புக்கர் டி. வாஷிங்டனின் நீக்ரோ வணிகக் கழக வட்டாரத்தின் ஆதரவும் கம்பெனிக்கு இருந்தது. கறுப்பினச் செய்தித்தாள்களில் விளம்பரங்கள் வந்தன. இது வெறும் முதலீடு அன்று, இனத்துக்கான கடமை என்று அந்த விளம்பரங்கள் பேசின.

கம்பெனியின் அடிப்படை யோசனை துணிச்சலானது. நிறவெறி என்பது ஒரு ஆடம்பரம், எல்லா ஆடம்பரங்களையும் போல அதற்கும் விலை உண்டு, நியூயார்க்கில் அந்த விலையை ஏற்றிக்காட்ட முடியும் என்பது அதன் விளம்பர அறிக்கையின் சாரம். எங்களுக்கு எதிராக வேலை செய்த வெறுப்பையே எங்களுக்கு லாபமாகத் திருப்புவோம் என்றார்கள். வெள்ளையரின் மனம் மாறும்வரை காத்திருக்க வேண்டாம், வெறுப்பதால் அவர்களுக்குக் கைநட்டம் வரும்படி செய்தால் போதும் என்ற தெளிவு அதில் இருந்தது.

அந்தத் தெளிவு சோதிக்கப்பட்ட இடம் 135ஆவது தெரு. வெள்ளையரின் ஹட்சன் ரியால்டி கம்பெனி அந்தத் தெருவில் கறுப்பின மக்கள் குடியிருந்த மூன்று கட்டடங்களை வாங்கி, குடியிருந்தவர்களை வெளியேற்றத் தொடங்கியது. அந்தப் பகுதியை மறுபடியும் வெள்ளையருக்கானதாக ஆக்குவது நோக்கம். பேட்டன் மனு எழுதிக்கொண்டு போகவில்லை. அருகிலேயே இரண்டு கட்டடங்களை வாங்கினார். அங்கிருந்த வெள்ளைக் குடித்தனக்காரர்களைக் காலி செய்யச் சொல்லிவிட்டு, துரத்தப்பட்ட கறுப்பினக் குடும்பங்களை அங்கே குடிவைத்தார். கடைசியில் ஹட்சன் கம்பெனி தான் வாங்கிய மூன்று கட்டடங்களையும் பேட்டன் தரப்புக்கே விற்றுவிட்டு விலகியது. துரத்தப்பட்டவர்கள் அதே தெருவில் நிலைத்தார்கள். ஹார்லெமின் வரலாறு திரும்பிய முனைகளில் இது ஒன்று.

இந்த வெற்றியைக் குறைத்துச் சொல்ல நாம் விரும்பவில்லை. வீட்டை விட்டு வெளியே தள்ளப்பட்ட ஒரு தாய்க்கு அன்றிரவு கூரை கிடைத்தது. அந்தக் கூரையை வாங்கித் தந்தது பணம். ஆனால் வெளியேற்றப்பட்ட வெள்ளைக் குடித்தனக்காரர்களும் வாடகைக்கு இருந்தவர்கள்தாம், தெருவின் சொந்தக்காரர்கள் அல்லர் என்பதையும் கவனியுங்கள். இரண்டு கம்பெனிகளின் சண்டையில் மாற்றி மாற்றித் தெருவுக்கு வந்தது குடித்தனக்காரர்களின் பாத்திரம் பண்டம்தான். வீடு சந்தைப் பொருளாக இருக்கும்வரை ஒருவர் உள்ளே வர இன்னொருவர் வெளியே போக வேண்டும் என்ற விதியைப் பேட்டனால் மாற்ற முடியவில்லை. அதைத் தன் மக்களுக்குச் சாதகமாகச் சுழற்ற மட்டும் முடிந்தது.

கணக்கு உதைத்த இடம்

கம்பெனி வேகமாக வளர்ந்தது. இருபதுக்கும் மேற்பட்ட கட்டடங்கள் அதன் கட்டுப்பாட்டில் வந்தன. கட்டுப்பாடு என்ற சொல்லை அழுத்திச் சொல்கிறோம். சிலவற்றைக் குத்தகைக்கு எடுத்து உள்வாடகைக்கு விட்டார்கள். வாங்கியவற்றின்மீதும் அடமானக் கடன் இருந்தது. விளம்பர அறிக்கையோ சொத்தை ஊதிக் காட்டியது, கடனைச் சொல்லாமல் விட்டது. 1906இல் பங்குதாரர்கள் சிலர் நீதிமன்றம் போனார்கள். பேட்டன் கைதும் செய்யப்பட்டார். அறிக்கை பங்குதாரர்களைத் தவறாக வழிநடத்தியது என்று நீதிமன்றம் முடிவு செய்து, போட்ட பணத்தைத் திருப்பித்தர உத்தரவிட்டது. கம்பெனி 1907இல் ஒரேயொரு முறை ஈவுத்தொகை கொடுத்தது. அதே ஆண்டு அமெரிக்காவையே உலுக்கிய நிதி நெருக்கடி வந்தது. 1908இல் கம்பெனி ஓய்ந்தது.

பேட்டன் ஏமாற்ற வந்தவர் என்று நாம் கருதவில்லை. ஆனால் இந்தச் சரிவைத் தனிமனிதக் குறை என்று மட்டும் வாசித்தால் பாடம் தவறிவிடும். ஒரு வெள்ளைக் கம்பெனி தள்ளாடினால் அதற்கு வங்கி இருந்தது. பேட்டனுக்குப் பின்னால் இருந்தவை சமையல்காரரின் சேமிப்பும் சலவைக்காரரின் சேமிப்பும்தான். மூலதனம் இல்லாமல் வேகமாக வளர வேண்டுமென்றால் நம்பிக்கையைத்தான் மூலதனமாக்க வேண்டும். 'நம்ம ஆளு' என்ற நம்பிக்கை பங்குப் பத்திரமாக விற்கப்பட்டது. அந்த நம்பிக்கைக்குக் கணக்குக் காட்டும் அமைப்பு கம்பெனிக்குள் இல்லை. பங்கு வாங்கிய எளிய மக்கள் கேள்வி கேட்க நீதிமன்றப் படிதான் ஏற வேண்டியிருந்தது. நம் மக்கள் பெயரால் திரட்டப்படும் எந்த நிதிக்கும், எந்த அறக்கட்டளைக்கும், எந்தக் கூட்டுறவுச் சங்கத்துக்கும் இது பொருந்தும். இனப்பற்று கணக்கு நோட்டுக்கு மாற்று ஆகாது.

பத்திரத்தில் எழுதிய சுவர்

கம்பெனி போனாலும் திறந்த கதவு மூடவில்லை. பேட்டன் தனித் தரகராகத் தொடர்ந்தார். அவரிடம் வேலை பார்த்த ஜான் நெய்லும் ஹென்றி பார்க்கரும் 1907இல் தனி நிறுவனம் தொடங்கினார்கள். 1911இல் அவர்கள் வழியாக, கறுப்பின மக்களின் புனித பிலிப் தேவாலயம் 135ஆவது தெருவில் வரிசையாகப் பத்து அடுக்குமாடிக் கட்டடங்களை 6,40,000 டாலருக்கு வாங்கியது. அதுவரை வெள்ளையருக்கு மட்டும் என்றிருந்த வீடுகளில் கறுப்பினக் குடும்பங்கள் குடியேறின.

வெள்ளை உரிமையாளர்கள் சும்மா இருக்கவில்லை. சங்கம் கட்டினார்கள். தெருவுக்குக் குறுக்கே 24 அடி உயர வேலி எழுப்ப வேண்டும் என்றுகூட ஒரு சங்கத் தலைவர் பேசினார். அதைவிட உறுதியான சுவரைப் பத்திரத்தில் எழுதினார்கள். இத்தனை ஆண்டுகளுக்குக் கறுப்பின மக்களுக்கு விற்கமாட்டேன், வாடகைக்கு விடமாட்டேன் என்று தெருத்தெருவாக ஒப்பந்தம் போட்டுப் பதிவு செய்தார்கள். வீட்டுக்குள் எத்தனை கறுப்பின வேலையாட்கள் இருக்கலாம் என்பதற்கும் சில ஒப்பந்தங்கள் வரம்பு வைத்தன. உழைப்பு உள்ளே வரலாம், உழைப்பவர் உள்ளே வாழக்கூடாது. இந்த நியாயத்தை நாம் நன்றாக அறிவோம்.

ஹார்லெமில் அந்த ஒப்பந்தங்கள் நிற்கவில்லை. காலி வீட்டுக்கு வரி கட்ட முடியாத வெள்ளை உரிமையாளர் ஒவ்வொருவராக நழுவினார். பேட்டனின் கணிப்பு அங்கே பலித்தது. ஆனால் நாடு முழுவதும் பல நகரங்களில் அதே ஒப்பந்தச் சுவர் உறுதியாக நின்றது. 1917இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் நகராட்சிகள் இனவாரியாகத் தெருக்களைப் பிரிப்பது செல்லாது என்றது. தனியார் ஒப்பந்தங்களை நீதிமன்றங்கள் நடைமுறைப்படுத்தக் கூடாது என்று சொல்ல 1948 ஆயிற்று. வீட்டு வாடகையிலும் விற்பனையிலும் பாகுபாட்டைத் தடைசெய்யும் சட்டம், மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட பிறகு, 1968இல்தான் வந்தது. சந்தை ஒரு வட்டாரத்தின் சுவரைத்தான் உடைத்தது. நாட்டின் சுவரை உடைக்க இயக்கமும் வழக்கும் சட்டமும் வேண்டியிருந்தன.

பேட்டன் 1917 கோடையில் தன் வாழ்நாளின் பெரிய வணிகத்தை முடித்தார். 15 லட்சம் டாலர் மதிப்புள்ள ஆறு அடுக்குமாடிக் கட்டடங்கள். அவற்றுக்குக் கிறிஸ்பஸ் அட்டக்ஸ், டூசான் லூவெர்ச்சர், ஃபிலிஸ் வீட்லி, பால் லாரன்ஸ் டன்பார் என்று தன் மக்களின் வீரர்கள், கவிஞர்கள் பெயர்களைச் சூட்டினார். சில வாரங்களில், ஆகஸ்ட் மாதம், இறந்துபோனார்.

வாடகை எங்கே போனது?

1930இல் நியூயார்க்கின் கறுப்பின மக்கள்தொகை மூன்றேகால் லட்சத்தைத் தாண்டியிருந்தது. அதில் பாதியளவு ஹார்லெமில். கவிதையும் இசையும் அரசியலும் அங்கே பொங்கின. ஹார்லெம் மறுமலர்ச்சியை நம் இலக்கிய மேடைகளில் நிறையவே பேசியிருக்கிறோம். அந்தக் கவிஞர்கள் வாடகை எவ்வளவு கொடுத்தார்கள் என்று பேசியதில்லை. 1920களில் நகரத்தின் வெள்ளைத் தொழிலாளர் குடும்பம் ஓர் அறைக்கு மாதம் சுமார் ஆறரை டாலர் கொடுத்தபோது, ஹார்லெமில் ஒன்பதரை டாலர். கூலியோ குறைவு. அதனால் இருக்கும் அறையில் இன்னொரு குடித்தனத்தைச் சேர்த்துக்கொண்டார்கள். மாதக் கடைசியில் வீட்டிலேயே பாட்டுக் கச்சேரி வைத்து, வருபவர்களிடம் நுழைவுக் காசு வாங்கி வாடகை கட்டினார்கள்.

ஏன் இந்த விலை? வெளியே போக வழியில்லை. டெண்டர்லாயினில் இருந்த அதே காரணம் ஹார்லெமுக்கும் வந்து சேர்ந்தது. நிறவெறிக்கு விலை வைக்கலாம் என்றார் பேட்டன். விலை வைக்கப்பட்டது. அதை வெறுத்தவர்கள் சில ஆண்டுகள் கட்டினார்கள், வெறுக்கப்பட்டவர்கள் தலைமுறை தலைமுறையாகக் கட்டினார்கள். சந்தை சுவரில் ஒரு வாசல் வைத்தது, வாசலில் சுங்கச்சாவடியும் வைத்தது. பேட்டனின் கம்பெனியும் அந்தச் சாவடியில் வசூல் செய்த ஒன்றுதான், அதன் லாபமே அந்தக் கூடுதல் வாடகையில் இருந்தது. பின்னாளில் சிகாகோ போன்ற நகரங்களில் இதே உத்தியை வெள்ளைத் தரகர்கள் எடுத்துக்கொண்டார்கள். கறுப்பினத்தவர் வருகிறார்கள் என்று பயமுறுத்தி வெள்ளையரிடம் அடிமாட்டு விலைக்கு வாங்கி, கறுப்பினக் குடும்பங்களுக்குக் கொள்ளை விலைக்குத் தவணையில் விற்றார்கள்.

ஹார்லெமின் கடைகளும் வீடுகளும் பெரும்பாலும் வெளியாட்கள் கையில் இருந்தன. 125ஆவது தெருவின் புளூம்ஸ்டைன் கடை கறுப்பினப் பெண்களை விற்பனையாளராக வேலைக்கு எடுக்கவே 1934இல் புறக்கணிப்புப் போராட்டம் நடத்த வேண்டியிருந்தது. தெரு நம்முடையதாகலாம், பத்திரம் யாருடையது என்பது வேறு கேள்வி.

அம்பேத்கர் நடந்த நகரம்

1913 ஜூலையில் அண்ணல் அம்பேத்கர் அதே நகரத்துக்குப் படிக்க வந்தார். கொலம்பியா பல்கலைக்கழகம் ஹார்லெமுக்குப் பக்கத்து மேட்டில் இருக்கிறது. பேட்டன் வீடு பிடித்துக் கொடுத்துக்கொண்டிருந்த தெருக்கள் அங்கிருந்து ஒன்றிரண்டு மைல்தான். பேட்டன் இறந்த அதே 1917இல் அம்பேத்கர் பரோடா திரும்பினார். உயர்பட்டம் பெற்ற, சமஸ்தான அதிகாரியான அவருக்கு ஊரில் ஒரு வீடு கிடைக்கவில்லை. பார்சி விடுதியில் பார்சிப் பெயரில் தங்கினார். அடையாளம் தெரிந்ததும் தடிகளோடு வந்து வெளியேற்றினார்கள். கையில் சம்பளம் இருந்தது, பதவி இருந்தது. வாடகை தர ஆள் இருந்தும் அங்கே சந்தை வேலை செய்யவில்லை. ஹார்லெமில் காலி வீட்டின் நட்டம் வெறுப்பைவிடக் கனமாக இருந்தது, பரோடாவில் தீட்டு நட்டத்தைவிடக் கனமாக இருந்தது. சாதிக்கும் நிறவெறிக்கும் உள்ள ஒற்றுமையை நாம் ஓயாமல் பேசுகிறோம். இந்த வேறுபாட்டையும் பேச வேண்டும். நட்டமானாலும் பரவாயில்லை என்று வீட்டைப் பூட்டி வைக்கும் சமூகத்தில் பேட்டனின் சூத்திரம் பாதிக்குமேல் செல்லாது.

நம்மிடமும் பத்திரத்தில் எழுதிய நிபந்தனை ஒன்று உண்டு. செங்கல்பட்டு ஆட்சியர் டிரெமன்ஹீரின் அறிக்கையைத் தொடர்ந்து 1892 முதல் வழங்கப்பட்ட பஞ்சமி நிலம். பட்டியல் சாதியினர் அல்லாதவருக்கு அதை விற்க முடியாது என்பது நிபந்தனை. ஹார்லெம் ஒப்பந்தம் விலக்கி வைக்க எழுதப்பட்டது, பஞ்சமி நிபந்தனை காப்பாற்ற எழுதப்பட்டது. முன்னதை மீறினால் பணம் கிடைத்தது, அதனால் மீறினார்கள். பின்னதை மீறினாலும் ஆதிக்கச் சாதியினருக்குப் பணம் கிடைத்தது, அதனால் மீறினார்கள். நிலத்தைத் திரும்பக் கேட்டதற்கு 1994இல் காரணையில் கிடைத்தது துப்பாக்கிச் சூடு. ஜான் தாமஸ், ஏழுமலை இருவரின் உயிர் போனது. காகிதம் தானாக யாரையும் தடுப்பதும் இல்லை, காப்பதும் இல்லை. அதன் பின்னால் நிற்கும் மக்கள் திரளைப் பொறுத்தே அதற்கு உயிர்.

ஆகவே மாணவ நண்பர்களுக்குச் சொல்ல வருவது இதுதான். நம்மில் தரகர்கள் வேண்டாம், கட்டுநர்கள் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. 135ஆவது தெருவில் அந்தக் குடும்பங்களுக்கு அன்று பேட்டன் தேவைப்பட்டார். சென்னையிலும் கோவையிலும் கதவு சாத்தப்பட்டு நிற்கும் நம் பிள்ளைகளுக்கும் இன்று பேட்டன்கள் தேவை. ஆனால் அவர் திறக்கும் வாசலையே விடுதலை என்று பெயரிட்டுக்கொள்ள வேண்டாம். வீடு கிடைத்ததா என்பதோடு நிற்காமல், பத்திரம் யார் பெயரில், கடன் யாரிடம், வாடகை யாருக்குப் போகிறது, கணக்கை யார் பார்க்கலாம் என்ற நான்கையும் சேர்த்துக் கேளுங்கள். வீடு மறுப்பதைத் தண்டிக்கும் சட்டத்தைக் கேளுங்கள். பஞ்சமி நிலத்தின் பதிவேட்டைக் கேளுங்கள். பேட்டனின் கம்பெனி மறைந்த மூன்றே ஆண்டுகளில் ஒரு தேவாலயத்தின் சபை பத்துக் கட்டடங்களைப் பொதுவில் வாங்கியது. அந்தப் பத்திரத்தில் இருந்தது தனியொரு முதலாளியின் பெயர் அன்று, ஒரு சபையின் பெயர்.